சுதீர் பட்வர்தனின் பம்பாய்: ஓவியர் எங்கே நிற்கிறார்?

"இந்திய நகரங்களின் அன்றாட வாழ்க்கையை வரைகிற, இன்றும் வரைந்துகொண்டிருக்கிற ஓவியர் ஒருவரைச் சொல்லுங்கள். எனக்கு ஓவியத்தில் பயிற்சி கிடையாது. அவர் படங்களை எங்கே தொடங்கி, எப்படிப் பார்ப்பது?" என்பது கேள்வி.

பல பெயர்கள் சொல்லலாம். ஒருவரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் நான் சொல்வது சுதீர் பட்வர்தன். ஐம்பது ஆண்டுகளாக ஒரே பெருநகரத்தை, அதிலும் பெரும்பாலும் ரயில் பாதையை ஒட்டிய அதன் புறநகர்ப் பகுதிகளை வரைந்து வருபவர். மும்பை என்றதும் நம் மனதில் வரும் கேட்வேயும் மரைன் டிரைவும் இவர் உலகத்தின் மையத்தில் இல்லை. நடைமேம்பாலம், மின்ரயில் பெட்டி, ஈரானி டீக்கடை, சாக்கடைக் கால்வாய், குன்றைக் குடைந்து எழும் அடுக்குமாடி, இவைதான் இருக்கும். இவற்றுக்கிடையே வேலைக்குப் போகிற, வேலையிலிருந்து திரும்புகிற மனிதர்கள்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். பிறந்தது 1949-ல், புனேயில். அங்கேயே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படித்து 1972-ல் டாக்டர் ஆனார். அடுத்த ஆண்டே பம்பாய்க்கு வந்துவிட்டார். 1975 முதல் 2005 வரை, முப்பது ஆண்டுகள், பம்பாயை ஒட்டிய தாணேயில் எக்ஸ்ரே டாக்டராக வேலை பார்த்தார். ஓவியக் கல்லூரியில் படித்தவர் இல்லை, தானே கற்றுக்கொண்டவர். 2005-க்குப் பிறகுதான் முழுநேர ஓவியர். அதாவது, அவருடைய புகழ்பெற்ற படங்களில் பாதிக்கு மேல் ஒரு மருத்துவர் தன் வேலைக்கு நடுவே வரைந்தவை.

எக்ஸ்ரே டாக்டர் என்றதும் எல்லோரும் ஒன்று சொல்வார்கள்: மனிதர்களை ஊடுருவிப் பார்க்கிறவர், அதனால்தான் இப்படி வரைகிறார் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. எக்ஸ்ரே அறையில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தொழிலாளி சட்டையைக் கழற்றிவிட்டு வந்து, குளிர்ந்த தட்டில் மார்பை அழுத்தி நிற்கிறார். தோள்களை முன்னால் தள்ளச் சொல்கிறார்கள், மோவாயைத் தூக்கச் சொல்கிறார்கள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறார்கள். சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. பிறகு வெளிச்சப் பெட்டியில் மாட்டிய படத்தில் விலா எலும்புகளும் நுரையீரலும் இதயத்தின் நிழலும் தெரியும். அந்த மனிதர் மட்டும் தெரியமாட்டார். முகம், தோலின் நிறம், நிற்கும் விதம், உடம்பின் கனம் எல்லாம் போய்விடும். பட்வர்தன் கான்வாஸில் வரைவது எக்ஸ்ரேயில் விட்டுப்போன இந்த மீதியைத்தான். அவருடைய மனிதர்கள் கனமானவர்கள், எளிதில் ஊடுருவ முடியாதவர்கள். என்ன நினைக்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தனக்குத் தெரியும் என்று ஓவியரும் சொல்லிக்கொள்வதில்லை. அந்த அடக்கம் எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, எப்படிப் பார்ப்பது? பட்வர்தனின் எந்தப் படத்தின் முன் நின்றாலும் முதலில் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதை வரைந்தவர் எங்கே நிற்கிறார்? தரையிலா, மேலேயா? கூட்டத்துக்குள்ளா, வெளியிலா? படத்தில் இருப்பவர்களோடு ஒருவராகவா, அவர்களைப் பார்க்கிற ஒருவராகவா? நடுத்தர வர்க்கத்து மருத்துவர் ஒருவர் உழைப்பாளிகளை வரைகிறார். அப்படி வரையத் தனக்கு என்ன உரிமை, எவ்வளவு நெருங்கலாம், எங்கே விலக வேண்டும் என்பதை ஐம்பது ஆண்டுகளாகத் தனக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதில்கள் மாற மாற, படங்களின் அமைப்பும் மாறியிருக்கிறது. இதைப் பிடித்துக்கொண்டால் போதும், ஓவியப் பயிற்சி இல்லாதவரும் தடுமாறாமல் கூடவே போகலாம்.

தொடக்கக் காலப் படங்களில் அவர் மிக அருகில் நிற்கிறார். 1977-ல் வரைந்த 'ஈரானி ரெஸ்டாரன்ட்' ஒரு நல்ல எடுத்துக்காட்டு. பம்பாயின் ஈரானிக் கடைகள் தெரு முனைகளில் இருப்பவை. பளிங்கு மேசை, வளைந்த மர நாற்காலி, பன் மஸ்கா (வெண்ணெய் தடவிய பன்), டீ. கையில் கொஞ்சம் சில்லறை இருந்தால் யாரும் போய் உட்காரலாம், எழுந்திரு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பட்வர்தன் வரையும்போது, அந்த உடம்புக்கு அவர் கொடுக்கும் எடையைப் பாருங்கள். பிரெஞ்சு ஓவியர் செசானிடமிருந்து அவர் கற்றது இது: ஒரு தோளோ முழங்கையோ வெறும் கோட்டால் ஆனதாக இல்லாமல், வண்ணத்தின் மேல் வண்ணமாகக் கட்டி எழுப்பியதாக இருக்க வேண்டும். செசான் மலையையும் ஆப்பிளையும் கட்டிய முறையில் இவர் டீக்கடையில் இளைப்பாறும் மனிதரைக் கட்டினார். இரக்கப்பட வைக்கும் ஏழையாகவோ, கொடி பிடித்த வீரனாகவோ அவரை மாற்றவில்லை. உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான். அதுவே போதுமான விஷயம் என்று அந்தப் படம் சொல்கிறது.

அதே 1977-ல் வரைந்தது 'ரன்னிங் உமன்', ஓடுகிற பெண். நம் ஓவியங்களில் பெண்கள் காத்திருப்பார்கள், குடம் சுமப்பார்கள், பூத்தொடுப்பார்கள். நகரத்தில் பெண்கள் ஓடுகிறார்கள். ரயிலைப் பிடிக்க, நேரத்துக்குப் போய்ச் சேர. நளினத்துக்காக ஓடுவதில்லை, உடம்பு முழுவதும் அதில் ஈடுபட்டிருக்கும். இதை ஒரு ஓவியத்துக்கான பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்ததே அந்தக் காலத்தில் புதிது.

அந்தக் காலம் என்ன என்றும் சொல்லிவிட வேண்டும். நெருக்கடி நிலை 1975-ல் வந்து 1977-ல் போன காலம். இடதுசாரிச் சிந்தனை இளைஞர்களைப் பிடித்திருந்த காலம், பட்வர்தனையும் பிடித்திருந்தது. ஆனால் ஓவிய உலகில் அருவ ஓவியத்துக்குத்தான், அதாவது உருவங்கள் இல்லாமல் வண்ணமும் வடிவமும் மட்டுமே கொண்ட படங்களுக்குத்தான், மதிப்பு. மனித உருவத்தை, அதுவும் கதை சொல்கிற மாதிரி வரைவது பழைய பாணி என்று கருதப்பட்டது. 1979-ல் டெல்லியில் நாடக இயக்குநர் இப்ராஹிம் அல்காசியின் ஆர்ட் ஹெரிடேஜ் கேலரி பட்வர்தனின் முதல் தனிக் கண்காட்சியை நடத்தியது. 1981-ல் பம்பாயிலும் டெல்லியிலும் 'பிளேஸ் ஃபார் பீப்பிள்' என்ற கண்காட்சி நடந்தது. பூபேன் கக்கர், குலாம் முகம்மது ஷேக், விவான் சுந்தரம், நளினி மாலானி, ஜோகன் சௌத்ரி, இவர்களோடு ஆறாவதாக சுதீர் பட்வர்தன். கலை விமர்சகர் கீதா கபூர் அதற்குக் கட்டுரை எழுதினார். மனிதர்களும் அவர்கள் வாழும் இடங்களும் இந்திய ஓவியத்துக்குள் மறுபடி உரிமையோடு வந்து உட்கார்ந்ததில் இந்தக் கண்காட்சிக்குப் பெரிய பங்கு உண்டு. தலைப்பே மனிதர்களுக்கு இடம் விடச் சொல்கிறது.

அப்புறம் ரயில். தாணேவுக்கும் ரயிலுக்கும் உள்ள உறவு பழையது: 1853 ஏப்ரல் 16 அன்று இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பம்பாய் போரிபந்தரிலிருந்து 34 கிலோமீட்டர் ஓடி வந்து நின்ற ஊர் அது. இன்றும் மும்பையின் உயிர் மின்ரயில்தான். உச்ச நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்குள் 14 முதல் 16 பேர் நிற்பார்கள் என்று ரயில்வே கணக்கே சொல்கிறது. இந்த நெரிசலுக்குள் இருப்பவனுக்கு முழு மனிதர் யாரும் கண்ணில் படமாட்டார்கள்; ஒரு கை, ஒரு முதுகு, அடுத்தவர் காது, இவ்வளவுதான். 1980-ல் வரைந்த 'டிரெயின்' என்ற படத்தில் பட்வர்தன் பெட்டிக்குள்ளேயே இருக்கிறார். நாமும் இருக்கிறோம். 'ஓவர்பிரிட்ஜ்', 'ஆக்சிடென்ட் ஆன் மே டே', 'ஸ்ட்ரீட் பிளே' மூன்றும் 1981-ல் வந்தவை. தொழிலாளர் தினத்தையும் விபத்தையும் ஒரே தலைப்பில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். நம்பிக்கை ஒரு பக்கம், அன்றாடம் தண்டவாளத்தில் போகும் உயிர்கள் ஒரு பக்கம். இடதுசாரி ஓவியர் ஒருவர் மே தினம் என்று எழுதிவிட்டு ஊர்வலத்தை வரையாமல் விபத்தை வரைவதற்கு நேர்மை வேண்டும்.

நடைமேம்பாலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல ஆசை. மும்பைக்காரர்களுக்கு அது ஒரு தனி உலகம். தாதரிலோ தாணேயிலோ ரயில் வந்து நின்றதும் கூட்டம் மொத்தமும் அந்தக் குறுகிய படிகளில் ஏறும். மேலே போனதும் சில அடி தூரத்துக்கு மட்டும் நகரம் திறந்து தெரியும்: கீழே தண்டவாளங்கள், பக்கவாட்டில் குடிசைக் கூரைகள், அதற்குப் பின்னால் ஆலையின் புகைபோக்கி, தூரத்தில் குன்று. பத்து நொடி. பிறகு இறங்கிவிடுவோம். அந்தப் பத்து நொடிப் பார்வையைத்தான் இவர் கான்வாஸ் அளவுக்கு விரித்தார். அந்த இடத்தில் நிற்பவன் கூட்டத்தில் ஒருவன். அதே சமயம் கூட்டத்தை மேலிருந்து பார்ப்பவனும் அவன்தான். மருத்துவராகவும் ஓவியராகவும் பட்வர்தனின் நிலை அதுவே. இந்தப் பாலங்களை வெறும் பின்னணியாக நினைத்துவிட வேண்டாம். 2017 செப்டம்பரில் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் நெரிசலில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு 36 ஆண்டுகளுக்கு முன் வரைந்த 'ஓவர்பிரிட்ஜ்'தான் ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் நடுவில் ஓவியர் இன்னும் மேலே ஏறுகிறார். 1984-ல் 'டவுன்', 1985-ல் 'நாலா' (சாக்கடைக் கால்வாய்), 1989-ல் 'போக்ரான்'. (போக்ரான் என்பது தாணேயில் உள்ள ஒரு பகுதி; அணுகுண்டு வெடித்த ராஜஸ்தான் ஊர் இல்லை.) இப்போது ஒரு முழு ஊர் நம் முன் விரிகிறது. இந்தப் படங்களைப் பார்க்க ஒரு சின்ன யுக்தி சொல்கிறேன். படத்தின் அடிப்பகுதியில் கண்ணை வைத்து மெதுவாக மேலே கொண்டுபோங்கள். கீழே தெருவைச் செங்குத்தாக மேலிருந்து பார்க்கிறோம். இன்னும் கொஞ்சம் மேலே போனால் ஒரு வீட்டின் முன்பக்கம் நேருக்கு நேர் தெரிகிறது. பக்கத்திலேயே ஒரு சாலை வேறு திசையில் சாய்கிறது. ஒரே இடத்தில் நின்றால் இவ்வளவையும் பார்க்கவே முடியாது. கேமராவால் இதை எடுக்க முடியாது, ஏனென்றால் கேமராவுக்கு ஒரு நிலைதான். பட்வர்தன் பல இடங்களில் நின்று பார்த்ததை ஒரே பரப்பில் தைத்திருக்கிறார். இந்திய மினியேச்சர் எனப்படும் பழைய சிற்றோவியங்களிலும், இத்தாலியில் சியனா நகரத்துப் பழைய ஓவியர்களிடமும் இருந்த முறை இது. தூரத்தில் இருப்பவன் சிறியவன், முக்கியமில்லாதவன் என்று ஒற்றைக் கோணம் முடிவு செய்துவிடுகிறது. பல கோணங்களில் ஒவ்வொருவருக்கும் அவரவர் இடம் கிடைக்கிறது: சைக்கிளைத் தள்ளுபவருக்கும், துணி காயப்போடுபவருக்கும். ஊரை ஆள்பவரின் கண்ணால் பார்க்காமல், ஊருக்குள் நடப்பவரின் கண்ணால் மேலிருந்து பார்ப்பது எப்படி என்ற சிக்கலுக்கு அவர் கண்ட வழி இது. அவருடைய சாதனைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

இதற்கிடையில் நகரமும் சும்மா இருக்கவில்லை. 1982 ஜனவரியில் தொழிற்சங்கத் தலைவர் தத்தா சாமந்த் தலைமையில் பம்பாயின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது வெற்றியில் முடியவில்லை. பல ஆலைகள் மூடப்பட்டன. காலப்போக்கில் ஆலை நிலங்களில் மால்களும் கோபுரங்களும் எழுந்தன. எந்த உழைப்பாளியை நம்பி பட்வர்தன் வரையத் தொடங்கினாரோ அந்த உழைப்பாளி வேலையில்லாதவராகவும், செக்யூரிட்டி சீருடை போட்டவராகவும் மாறிப்போனார். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் பம்பாயில் நடந்த இந்து-முஸ்லிம் கலவரங்கள் இன்னொரு நம்பிக்கையையும் உடைத்தன: பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளமாட்டார்கள் என்ற நம்பிக்கை. 1996-ல் அவர் வரைந்த படத்தின் பெயர் 'ரயட்', கலவரம். அதற்குப் பிறகு அவர் வரைந்த கூட்டங்களைப் பழைய கண்ணோடு பார்க்க முடிவதில்லை. கூட்டம் என்றால் ஒற்றுமை என்ற பழைய சமன்பாடு போய்விட்டது.

2001-ல் 'லோயர் பரேல்' வரைந்தார். பெயரைச் சொன்னாலே மும்பைக்காரருக்குப் புரியும். ஆலைகளின் இதயமாக இருந்து அலுவலகக் கோபுரங்களின் இடமாக மாறிக்கொண்டிருந்த பகுதி. மாற்றத்தை முன், பின் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைவது சுலபம். இவர் மாறிக்கொண்டிருக்கும் அந்தக் கணத்தையே வரைகிறார், பழையதும் புதியதும் ஒரே வெயிலில் நிற்கின்றன. 2014-ல் வந்த 'மும்பை புரொவெர்ப்ஸ்' (மும்பைப் பழமொழிகள்) ஏழு பலகைகள் கொண்ட பெரிய ஓவியம். நகரத்தின் பல காலங்களை ஒரே நீளத்தில் கோத்துவிடும் முயற்சி. பலரும் இதைத்தான் அவருடைய பெரும்படைப்பு என்பார்கள். எனக்கு 'டவுன்' அதைவிட நெருக்கம். பெரிய ஓவியத்தில் வரலாறு பேசுகிறது. 'டவுன்' படத்தில் ஒரு சாதாரணப் பகல் நேரம் பேசுகிறது. அந்தப் பகல்தான் வரைவதற்குக் கஷ்டம்.

பிற்காலத்தில் அவர் வீட்டுக்குள்ளும் வந்தார். நடுத்தர வர்க்கத்துக் கூடம், குடும்பம், வயதாகும் உடல்கள், ஓவியரின் அறை. தெருவை விட்டுவிட்டார் என்று சிலர் வருந்தினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இத்தனை நாள் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது பார்க்கிற தன்னையே படத்துக்குள் கொண்டுவருகிறார். நிற்கும் இடம் எது என்ற கேள்விக்கு இது மிக நேரான பதில். அண்மையில் வந்த கண்காட்சி ஒன்றின் தலைப்பு 'சிட்டிஸ்: பில்ட், புரோக்கன்': கட்டப்படும் நகரங்களும் உடைக்கப்படும் நகரங்களும். எழுபத்தைந்து வயதிலும் அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

மற்ற ஓவியர்களோடு வைத்துப் பார்த்தால் இவருடைய தனித்தன்மை இன்னும் தெளிவாகும். பம்பாயிலேயே இன்னொரு டாக்டர் ஓவியர் இருந்தார், கீவ் படேல். கவிஞரும் நாடக ஆசிரியரும்கூட. 2023-ல் மறைந்தார். அவருடைய நகரப் படங்களில் ஒரு தனிமை உண்டு. பட்வர்தனிடம் இருப்பது சேர்ந்து நிற்பதன் சுமை. மும்பையின் காட்கோபரில் வளர்ந்த அதுல் தோதியா, கடைகளின் இரும்பு ஷட்டர்களையே கான்வாஸாக்கியவர். ஜிதிஷ் கல்லாட் ஆட்டோவை எலும்புக்கூடாகச் செய்து நிறுத்தியவர். இவர்கள் நகரத்தின் பொருட்களையும் அடையாளங்களையும் எடுத்து விளையாடுகிறார்கள், அதுவும் அருமையான வேலைதான். பட்வர்தன் அடையாளங்களிடம் போகவே இல்லை. எண்ணெய் வண்ணம், பிறகு அக்ரிலிக், நிறைய கோட்டோவியங்கள், அவ்வளவுதான் அவர் கருவிகள். ஓவியத்தின் மிகப் பழைய வழியில் மிகப் புதிய நகரத்தை எதிர்கொண்டார்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். தொடக்கக் காலப் படங்களில் வேலை செய்பவர் என்றால் பெரும்பாலும் ஆண்தான். 'ரன்னிங் உமன்' போன்றவை அபூர்வம். பெண்கள் பெட்டி, வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், மீன் கூடையோடு ஏறுபவர்கள், இவர்களும் அதே ரயிலின் பாதி. அந்தப் பாதி அவரிடம் தாமதமாகத்தான் வந்தது.

அவர் செய்த இன்னொரு வேலை ஓவியர்கள் மத்தியில் அதிகம் பேசப்படுவதில்லை. யாரை வரைகிறோமோ அவர்கள் படத்தைப் பார்க்க வேண்டாமா என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு. கேலரிகள் தெற்கு மும்பையில், மக்கள் வேறெங்கோ. 2008 வாக்கில் சமகால இந்திய ஓவியங்களைத் தொகுத்து, மகாராஷ்டிரத்தின் மற்ற நகரங்களுக்குக் கொண்டுபோகும் பயணக் கண்காட்சியைப் பொறுப்பேற்று நடத்தினார். மூல ஓவியத்தை வாழ்நாளில் நேரில் பார்க்காத ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தார்கள். தன் படத்துக்கு விலை ஏறியிருந்த காலத்தில் ஒருவர் இதற்கு நேரம் கொடுத்தார் என்பதை நான் மதிக்கிறேன்.

எங்கே பார்க்கலாம்? 2019 இறுதியில் மும்பை தேசிய நவீன ஓவியக் கூடத்தில் நான்சி அதஜானியா தொகுத்த 'வாக்கிங் த்ரூ சோல் சிட்டி' என்ற பெரும் கண்காட்சி நடந்தது. அரைவட்ட மாடிகளில் ஒவ்வொன்றாக ஏறிப் பார்க்கும் கட்டடம் அது. நடைமேம்பாலங்களை வரைந்தவருக்குப் பொருத்தமான இடம் என்று தோன்றியது. அது போன்ற வாய்ப்பு அடிக்கடி வராது. ஆனால் மும்பையில் பழைய பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் ஜஹாங்கீர் நிக்கல்சன் சேகரிப்பிலும், டெல்லி தேசிய நவீன ஓவியக் கூடத்திலும், போபால் பாரத் பவனின் ரூபாங்கர் அருங்காட்சியகத்திலும் அவர் படங்கள் உண்டு. எப்போதும் எல்லாம் சுவரில் மாட்டியிருக்காது. போவதற்கு முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

நேரில் போக முடியாவிட்டால் இணையத்தில் தேடி இந்த வரிசையில் பாருங்கள்: 'ஈரானி ரெஸ்டாரன்ட்', 'டிரெயின்', 'ஓவர்பிரிட்ஜ்', 'டவுன்', 'லோயர் பரேல்'. செல்போன் திரை வேண்டாம்; பெரிய திரையில், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து நிமிடம். 'டவுன்' படத்தில் ஒரு மனிதரைத் தேர்ந்தெடுத்து, அவர் எங்கிருந்து வந்திருப்பார், எந்தத் தெரு வழியாக எங்கே போவார் என்று விரலால் வழி தேடிப் பாருங்கள். அதைச் செய்து பார்த்த பிறகு 'மும்பை புரொவெர்ப்ஸ்' பக்கம் போகலாம்.